பகவதிக்கு எவ்வளவு

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பூதப்பாண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அறுநூறு இலைக்கான காய்கறி குவிந்து கிடந்தது. சேனை, தடியங்காய் என்கிற வெள்ளைப்பூசணி, வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரை, சாக்கோடு கொட்டிய வெள்ளரிக்காய். தாடகைமலை மேல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் தகரக் கொட்டகையில் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஐந்து பெண்கள் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பகவதி.

பகவதியின் வீட்டுக்காரர் தாணுதான் அந்தச் சமையலைக் கான்ட்ராக்ட் எடுத்த தவசிப்பிள்ளை. நாகர்கோவில் வடசேரியில் வீடு. இருபத்தைந்து வருஷமாகக் கல்யாணச் சமையல். தன் அடைப்பிரதமனைக் குடிக்கவென்றே வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருகிற ஆட்கள் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார், அதில் பாதி உண்மை. அன்றைக்கு அவர் வெட்டுகிற இடத்தில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு ஒரு சேதி இருந்தது. பக்கத்தில் உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சுயம்புராஜைக் கூப்பிட்டார். தாணுவுக்கு அடுத்தபடி அடுப்பில் நிற்கிறவன் அவன்.

"சுயம்பு, கேட்டியா, நம்ம நந்தனாவுக்குச் சம்பளம் கூட்டிட்டானுவ."

"புரமோஷனா அண்ணாச்சி?"

"புரமோஷன் இல்லடே. அதே வேலை, அதே கசேர. திருவனந்தபுரத்துல அவளுக்க கம்பெனியில ஆளை வச்சுப் பரிசோதிச்சானுவளாம். ஒரே வேலைக்கு ஆம்பிளைக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்கு ஒரு சம்பளம்னு போயிருக்கு. தெரிஞ்ச உடனே சமமாக்கிக் கடுதாசி குடுத்துட்டானுவ. மாசம் எட்டாயிரம் கூடுது."

"நல்ல கம்பெனி."

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. அவளும் அவனை மாதிரித்தானே காலையில இருந்து கம்ப்யூட்டரை முழிச்சுப் பாத்துட்டு இருக்கா."

பகவதிக்கு இது மூன்றாம் தரம் கேட்கிற கதை. மகளை நினைத்து மனம் குளிர்ந்தபடி சேனையை அவியலுக்கு விரல் நீளம், விரல் கனம் வெட்டிக்கொண்டிருந்தாள். தேங்காயெண்ணெய் தடவியிருந்தும் மணிக்கட்டு அரித்தது. பக்கத்து மணையில் இருந்த குளோரியின் கை நின்றது. கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்கிற ஆள்.

"அண்ணாச்சி, எனக்கொரு சம்சயம்."

"கேளு."

"அந்தப் பரிசோதனைக்காரனுவ இஞ்சோட்டு வருவானுவளா?"

ஆண்கள் சிரித்தார்கள். தாணுவும் சிரித்தார். குளோரி சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"அது வேற, இது வேற குளோரி. அங்க எல்லாரும் ஒரே வேலை பாக்கா. இங்க நீங்க வெட்டுகிய, நாங்க வைக்கோம்."

"சரிதான். அப்போ வெட்டுகதுக்கு எழுநூறு, கிண்டுகதுக்கு ஆயிரத்தி எருநூறுன்னு முதல்ல யாரு வச்சது?"

தாணு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"எனக்க ஆசான் காலத்திலேயே அப்பிடித்தான்."

"அவருக்க ஆசான் காலத்துல?"

"ஏட்டி, தேங்காயத் துருவு. மணி மூணு ஆச்சு."

குளோரி அரிவாள்மணையைத் தள்ளிவிட்டுத் துருவியை இழுத்தாள். பேச்சு அதோடு நின்றது. ஆனால் தாணு அன்று சாயங்காலம் வரைக்கும், அடுப்புக்குக் கல் கூட்டும்போதும், பாத்திரம் எண்ணும்போதும், எதையோ தொலைத்தவர்போல இருந்ததைப் பகவதி பார்த்தாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நந்தனா ரயிலேறி வீட்டுக்கு வந்திருந்தாள். மழை விடாமல் பெய்தது. பகவதி ஏத்தன்பழத்தை நெடுக்காகக் கீறி மாவில் முக்கி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் அடுக்களையிலேயே பலகை போட்டு உட்கார்ந்து, வர வரத் தின்றுகொண்டிருந்தார்கள். தாணுதான் பேச்சை எடுத்தார்.

"மக்கா, உங்க கம்பெனியில எப்பிடிப் பரிசோதிச்சானுவ? ஒருத்தனுக்க வேலையும் இன்னொருத்திக்க வேலையும் சமம்னு எதை வச்சு அளக்கா?"

"எதுக்குப்பா?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

நந்தனா காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பி வைத்து நாலு கட்டம் போட்டாள். "வேலை ஒண்ணுபோலவே இருக்கணும்னு இல்லப்பா. நாலு விசயம் பாக்கணும். எவ்வளவு தேர்ச்சி வேணும், எவ்வளவு பாடுபடணும், யாருக்கு என்ன பொறுப்பு, எந்த மாதிரி இடத்துல இருந்து செய்யணும். நாலையும் கூட்டிப் பாத்தா ரெண்டு வேலையும் பக்கத்துல பக்கத்துல வந்தா, சம்பளமும் பக்கத்துல வரணும்."

"அது கொள்ளாம், நல்ல அளவுதான்," என்றார் தாணு. காலைச் சம்மணம் மாற்றி உட்கார்ந்தார். "எழுது. தேர்ச்சி. பிரதமன் எப்போ இறக்கணும்னு எனக்குக் கிண்டுக துடுப்பு சொல்லும். துடுப்பு கனக்கும் பாத்தியா, அந்தக் கனம் கையில படிய அஞ்சு வருசம் ஆவும்."

"சரி. வெட்டுறவங்களுக்கு?"

"வெட்டுகதுக்கு என்ன தேர்ச்சி."

பகவதி எண்ணெயைப் பார்த்தபடியே சொன்னாள்: "சேனை ஒரு கனம், தடியங்கா ஒரு கனம். சேனை வேகுமுன்னே தடியங்கா கரைஞ்சிரக் கூடாதுல்லா. எல்லாம் ஒரே கொதியில வேகணும்னா, எதை எவ்வளவு கனத்துல வெட்டணும்னு வெட்டுகவ அறிஞ்சிருக்கணும். நீங்க மூடி போட்டு இறக்கிருவீங்க. வேகலைன்னா அறுநூறு பேருக்கும் தொண்ட அரிக்கும்."

தாணு மகளைப் பார்த்தார். "எழுது," என்றார் நேர்மையாக.

பாடு என்ற கட்டத்தில் அவர் அடுப்புச் சூட்டையும் வார்ப்புப் பாத்திரத்தின் கனத்தையும் சொன்னார். பகவதி ஏழு மணிநேரம் குத்தவைத்து எழுந்தால் இடுப்பு நிமிர எடுக்கும் நேரத்தைச் சொன்னாள். பொறுப்பு என்ற இடத்தில் தாணுவுக்கு மார்க் கூடவே விழுந்தது. பெண் வீட்டார் வந்து கத்தினால் அவரிடம்தான் கத்துவார்கள். ஆனால் சுயம்புராஜிடம் யாரும் கத்தமாட்டார்கள் என்பதையும் அவரே யோசித்துச் சொன்னார். நந்தனா கட்டம் கட்டமாகப் போட்ட மார்க்குகளை அடியில் கூட்டினாள். சுயம்புராஜின் எண்ணும் குளோரியின் எண்ணும் ஒன்றிரண்டு கூடக்குறைய ஒரே அளவில் வந்தன. தாணு தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் முகம்போல இருந்தது.

"நாலு பொம்பளையளுக்கும் ஐநூறு கூட்டினா, ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம்," என்றார்.

"நாலு பேரா? அம்மையோட சேத்து அஞ்சுல்லாப்பா," என்றாள் நந்தனா. "அம்மைக்கு இப்போ எவ்வளவு?"

தாணு கையிலிருந்த பழத்துண்டைத் தட்டில் வைத்தார்.

"அம்மைக்கு எதுக்கு மக்கா? கான்ட்ராக்ட்ல வாறது அத்தனையும் அவளுக்க கையிலதானே குடுக்கேன். பெட்டிச் சாவிகூட அவகிட்டத்தான் கெடக்கு."

"அது வீட்டுச் செலவுக்கு. நான் கேட்டது கூலி. குளோரிக்கு எழுநூறு. சுயம்பண்ணனுக்கு ஆயிரத்தி எருநூறு. அம்மைக்கு?"

தாணு பகவதியைப் பார்த்தார். பகவதியும் அவரைத்தான் பார்த்தாள். இருவருமே ஒரே சமயத்தில் புதிதாக ஒன்றைக் கேட்டவர்கள்போல விழித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வெட்டுகிறாள். அதற்கு முன்னால் பிறந்த வீட்டில் களத்தில் நெல் தூற்றியிருக்கிறாள், மாட்டுக்குப் பருத்திவிதை அரைத்திருக்கிறாள். எவரிடமும் கையை நீட்டிக் கூலி என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அது ஒரு குறை என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. இப்போதும் குறையாகத் தோன்றவில்லை. அது எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

சட்டியில் பழம் கருகிப்போயிருந்தது.

*

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது. ஆனால் குளோரிக்கு ஆடியிலும் வேலை உண்டு. கோட்டாறு கமருதீன் பாய் எடுக்கிற கல்யாண பிரியாணிக்கு வெங்காயம் வெட்டப் போவாள். இடலாக்குடியில் வியாழக்கிழமை ஒரு கல்யாணம், ஆள் குறைகிறது என்று அவள் சொன்னபோது பகவதி, "நான் வாறேன்," என்றாள்.

அதே வியாழக்கிழமை தாணுவுக்குச் சுசீந்திரத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம் இருந்தது. பிறந்த நட்சத்திரத்தை ஒட்டி வருவது, அதற்கு ஆடி பார்ப்பதில்லை. நூற்றைம்பது இலை, வெட்டு முழுக்கப் பகவதி ஒருத்தியே பார்க்கிற அளவு.

"ஏட்டி, கோவமா?" என்றார் தாணு.

"கோவம் ஒண்ணும் இல்ல."

"அன்னைக்குப் பிள்ளை சொன்னதுக்கா?"

"கையில கூலி வாங்குனா எப்பிடி இருக்கும்னு பாக்கணும். ஒரு நாளு போயிப் பாத்துட்டு வாறேன். நூத்தம்பது இலைதானே, சமாளிச்சிருவீங்க."

சண்டை என்றால் தாணு சண்டைக்குப் பதில் வைத்திருப்பார். இது சண்டை இல்லை. "சரி, குடை கொண்டு போ," என்றார்.

இடலாக்குடியில் மாமரத்து மூட்டில் தார்ப்பாய் விரித்து எண்பது கிலோ வெங்காயம் கொட்டியிருந்தார்கள். பகவதியும் குளோரியும் ஒரு பக்கம். எதிரே எபின் என்று ஒருவன். முப்பது வயதிருக்கும். பலகையும் கத்தியும் வைத்து அவனும் வெங்காயம்தான் வெட்டினான். நல்ல பையன். கண் எரிந்தால் வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வெட்டும்படி பகவதிக்குச் சொல்லிக்கொடுத்தான். வாயில் தண்ணீர் இருந்ததால் ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேசவில்லை. குளோரிக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்குக் கமருதீன் வந்தார். வெள்ளைப் பனியன், தோளில் துண்டு. பகவதி வெட்டிய வெங்காயத்தில் ஒரு பிடி அள்ளி விரலில் உதிர்த்துப் பார்த்தார்.

"இது யாருக்க கை?"

"எனக்கதான் அண்ணே."

"தாணு அண்ணாச்சி வீட்டுலயா? உங்கள மண்டைக்காட்டுக் கல்யாணத்துல கண்டிருக்கேனே. என்ன தங்கச்சி, அவருகூடப் பிணக்கமா?"

"பிணக்கம் இல்ல. வேலைக்கு வந்திருக்கேன்."

அவர் அள்ளிய வெங்காயத்தை எண்ணெயில் போட்டார். அது ஓர் இழை கருகாமல், ஓர் இழை வெளுக்காமல், ஒன்றுபோலச் சிவந்து மேலே வந்தது. கமருதீன் பிரியாணிச் செம்பு அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். அதன்பிறகு பொரிக்கிற வெங்காயம் முழுவதையும் பகவதியே வெட்டட்டும் என்று சொல்லிவிட்டார். குளோரியும் எபினும் தாளிக்கிற வெங்காயத்துக்கு மாறினார்கள்.

நாலு மணிக்குக் கூலி. பகவதி வரிசையில் நின்றாள். முன்னால் எபின், அவளுக்குப் பின்னால் குளோரி. கமருதீன் எபினுக்கு எண்ணிக் கொடுத்தபோது அவள் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. ஆயிரத்து நூறு. அடுத்து அவள் கையில் எழுநூறு வைத்தார்.

நோட்டு கையில் பட்டதும் உள்ளங்கை ஒரு மாதிரி சூடாக இருந்தது. தாணு தருகிற கட்டுகளை எத்தனையோ முறை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அவை கனமானவை. இது லேசாக இருந்தது, ஆனால் அந்த லேசான பொருளைப் பற்றி யாரிடமும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை என்பது விசித்திரமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதை அனுபவித்திருப்பாள். அந்த ஆயிரத்து நூறு விடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுக்கக் கூடாது."

"கேளுங்க தங்கச்சி."

"எபின் வெட்டுனதும் வெங்காயம். நான் வெட்டுனதும் வெங்காயம். நானூறு ரூவா எதுக்கு உள்ள வித்தியாசம்?"

கமருதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார். எபின் தன் கையில் இருந்ததைச் சட்டென்று பைக்குள் தள்ளினான்.

"அவன் செம்பு தூக்க வருவான்னு சொல்லலாம்," என்றார் கமருதீன் யோசித்து. "இன்னைக்குத் தூக்கல. உள்ளதச் சொல்லணும்னா, ஊர் நடப்பு தங்கச்சி. நான் மட்டும் கூட்டினா எனக்க ரேட்டு ஏறும். பார்ட்டி அடுத்த ஆளைப் பாத்துப் போயிரும். உங்க வீட்டுக்காரரும் எழுநூறுதானே குடுக்காரு. அவரு மாத்தட்டும், மறுநாளு நான் மாத்துகேன்."

வடசேரிக்கு வரும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. சம்பாதித்த பணத்தில் பஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று என்று குளோரியிடம் சொல்லிச் சிரித்தாள் பகவதி. குளோரி பதிலுக்குச் சிரித்துவிட்டு, "யக்கா, அண்ணாச்சி என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

*

தாணு முற்றத்து நடையில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. பகவதி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார், "எப்பிடி இருந்து?"

"சொல்லுகேன். உங்களுக்கு?"

"ஒரு ஆளைக் கூப்பிட்டேன் வெட்டுகதுக்கு. அவன் வெட்டுவான், தேங்காப்பால் பிழிய மாட்டானாம். அதுக்கு வேற ஒருத்தியக் கூப்பிட்டேன். முதல் பாலும் ரெண்டாம் பாலும் எதுன்னு அடையாளம் வைக்காம ரெண்டையும் ஒண்ணுபோல வச்சிட்டா. நான் முதல் பாலைக் கொதியில விட்டு ஓலன் திரிஞ்சு போச்சு. வீட்டுக்காரங்க நல்ல மனுசங்க, ஒண்ணும் சொல்லல." காலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து ஆயிரத்து தொள்ளாயிரம் குடுத்தேன். நீ சும்மா செஞ்ச வேலைக்கு."

"சும்மாவா?"

"சும்மா வாங்கிக்கிட்ட வேலைக்கு," என்று திருத்தினார் தாணு.

பகவதி மடியிலிருந்த பணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து நடந்ததெல்லாம் சொன்னாள். வெங்காயம் சிவந்தது, எபின், ஆயிரத்து நூறு, கமருதீன் சொன்ன பதில்.

"பாய் சொல்லுகது சரிதான். நான் மாத்துனா எனக்க ரேட்டு ஏறும், பார்ட்டி அவருகிட்டப் போவும்."

"சைவக் கல்யாணம் வைக்கிறவங்க பாய்கிட்டப் போவாளா?"

தாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகமாட்டாதான். வேற சைவக்காரன் இருக்கான்லா."

"இருக்கட்டும். நீங்க அவரு மாத்தட்டும்ங்கிய. அவரு நீங்க மாத்தட்டும்ங்காரு. ரெண்டு பேருகிட்டயும் போன் இருக்கு."

அவள் அவருடைய போனை எடுத்து, கமருதீன் பெயரைத் தேடி அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. தாணு எழுந்து முற்றத்துக்குப் போய் நின்று பேசினார். ரொம்ப நேரம் பேசினார். இடையில், "அது நியாயந்தானே பாய்," என்று ஒரு தரமும், "எனக்க வீட்டுல இருந்து ஒருத்தி வந்து இத உங்க வாயால கேக்க வேண்டியதாப் போச்சு பாத்தீங்களா," என்று ஒரு தரமும் கேட்டது. திரும்பி வந்தவர், வெட்டுகிற ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆவணியிலிருந்து ஒரே கூலி என்று கமருதீன் ஒத்துக்கொண்டார் என்றார். தன்னுடைய அடுப்பில் வைப்பு, வெட்டு எல்லாவற்றுக்கும் ஆயிரத்து இருநூறு. இலைக்குப் பத்து ரூபாய் ஏற்ற வேண்டிவரும். ஏற்கெனவே பேசி முடித்த கல்யாணங்களில் கூடுகிற கூலி அவர் கையிலிருந்து.

"சுயம்பு என்ன சொல்லுவான்?" என்றாள் பகவதி.

"அவனுக்க கூலியில கைவைக்கலையே."

சுயம்புராஜ் மறுநாள் வந்து கேட்டுவிட்டு நின்றான். அவனுக்கும் கோபம் இல்லை. ஏதோ உறுத்தல். "எனக்குக் குறையல அண்ணாச்சி. ஆனா அவளுவளுக்கும் எனக்கும் ஒண்ணுன்னா, நான் எதுக்கு அடுப்புல கெடந்து வேகணும்?" தாணுவிடம் காலண்டர் தாள் இருந்தது. எடுத்துக் காட்டினார். அவன் அதைப் படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவன் வரவில்லை. மார்த்தாண்டத்தில் வேறொருவரிடம் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டார்கள். பத்து ரூபாய் ஏற்றியதால் ஒரு பார்ட்டியும் கைநழுவியது.

அந்த முகூர்த்தத்தில் அடைப்பிரதமனுக்குத் துடுப்பில் நிற்க ஆளில்லாமல் குளோரி நின்றாள். சேலையை இழுத்துச் செருகி, வெல்லப் பாகு அடிப்பிடிக்காமல் இரண்டு மணி நேரம் கிண்டினாள். "அண்ணாச்சி, நீங்க சொன்ன கனம் இதுதானா, இல்ல இனியும் வருமா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டாள். தாணு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை துடுப்பை வாங்கிப் பார்த்து, "இனியும் வரும்," என்றார். கடைசியில் அவர் வாங்கிப் பார்க்குமுன்பே அவள், "வந்துட்டு," என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார். வந்திருந்தது.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின் தாணு பின்கட்டில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டார். ஆண்களும் பெண்களும் கலந்து நின்றார்கள். குளோரி வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே இரண்டு தரம் எண்ணினாள். மற்ற மூன்று பெண்களும் வாங்கினார்கள். கடைசிப் பெயரைப் பார்த்துத் தாணு கொஞ்சம் தயங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பார், இல்லையென்றால் நந்தனாவுக்க அம்மை என்பார்.

"பகவதி," என்றார்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினாள். அவர் எண்ணாமல், மடித்து வைத்திருந்த நோட்டுகளைக் கொடுத்தார். அவள் பிரித்து எண்ணினாள். மெதுவாக, எல்லாரும் பார்க்க. பிறகு ஒரு நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஆயிரத்து முந்நூறு இருக்கு. கூலி ஆயிரத்து எருநூறு."

"வச்சுக்க," என்றார் தாணு தணிந்த குரலில். "எனக்க வகையில."

"உங்க வகையில உள்ளத வீட்டுல வச்சுத் தாங்க," என்றாள் பகவதி. "இது கூலி எடுக்க இடம்லா."

தாணு அந்த நூறை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பகவதி மிச்சத்தை மடித்து மடியில் செருகினாள். குளோரி அவள் பக்கம் சாய்ந்து, "யக்கா, எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான் பாக்கணும்," என்றாள் பகவதி.